ஜப்பானைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

நம் பிள்ளைகளுக்கு ஜப்பான் என்றால் கார்ட்டூன், ராமென், ஷா ஆலாமில் நடக்கும் போன் ஒடோரி விழா. நம் பாட்டன்மாருக்கோ அது சயாம் மரண ரயில். ஒரே வீட்டில், ஒரே நாட்டைப் பற்றி இரண்டு கதைகள். இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்ல முடியுமா? பெட்டாலிங் ஜெயா வட்டாரப் பெற்றோரும் ஆசிரியர்களும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

நம் நாட்டுப் பள்ளிகளில் ஜப்பானைப் பற்றி இரண்டு முறை கற்பித்திருக்கிறார்கள். முதல் முறை, ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரை. மாணவர்கள் தோக்கியோ இருக்கும் திசை நோக்கித் தலைவணங்கினார்கள், கிமிகாயோ பாடினார்கள், ஜப்பானிய மொழி படித்தார்கள். கேள்வி கேட்க இடமில்லை.

இரண்டாம் முறை, 1982இல் டாக்டர் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்த பிறகு. 1984இல் தங்கும் விடுதிப் பள்ளிகள் சிலவற்றில் ஜப்பானிய மொழிப் பாடம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் மேற்படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஜப்பான் சென்றார்கள். முன்பு கட்டாயம், இப்போது விருப்பம். விரும்பிப் படிப்பவர் கேள்வி கேட்கலாம். அந்த உரிமையைப் பிள்ளைகளுக்குத் தருவதுதான் நல்ல பாடம்.

எங்கே தொடங்கலாம்? முதலாவதாக, மொழியில். ஜப்பானியர் "வத்தாஷி வா ஹொன் ஓ யோமிமாசு" என்பார்கள். சொல்லுக்குச் சொல், "நான் புத்தகத்தைப் படிக்கிறேன்" என்ற அதே வரிசை. "ஓ" என்பது நம்முடைய "ஐ" உருபின் வேலையைச் செய்கிறது. மலாயில் "சாயா பாச்சா பூக்கு" என்று வினை நடுவில் வரும். தமிழ்ப் பிள்ளைக்கு இது பெரிய வசதி. ஆனால் இதை வைத்தே இரண்டும் உறவு மொழிகள் என்று சொல்லிவிடக் கூடாது. பேராசிரியர் சுசுமு ஓனோ அப்படி வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை.

இரண்டாவதாக, துடைப்பத்தில். ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே வகுப்பறையைக் கூட்டித் துடைப்பார்கள். முறை வைத்து மதிய உணவு பரிமாறுவார்கள். அங்கே அது தண்டனையல்ல, பாடம். பொது இடம் எல்லாருக்கும் சொந்தம் என்ற எண்ணம் இப்படித்தான் பழகுகிறது. கிமோனோ உடுத்திப் படம் எடுப்பதைவிட, ஒரு வாரம் வகுப்பைக் கூட்டிப் பார்த்தால் அந்தச் சமுதாயம் நன்றாகப் புரியும்.

மூன்றாவதாக, காகிதக் கொக்கில். 1945இல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டின் கதிர்வீச்சால் நோயுற்று, 1955இல் 12 வயதில் இறந்தாள் சடாகோ சசாகி. அவள் மடித்த கொக்குகள் அமைதியின் அடையாளமாயின. அந்தக் கதையைச் சொல்லும்போதே நம் கதையையும் சொல்ல வேண்டும். 1942-43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களில் பெரும் எண்ணிக்கையினரைக் கொன்றன. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி இல்லை.

இதைச் சொன்னால் பிள்ளைகள் மனத்தில் வெறுப்பு வளராதா என்று சிலர் அஞ்சுவார்கள். மறைத்தால்தான் வளரும். சடாகோவுக்காக அழுகிற பிள்ளை, தன் கொள்ளுத்தாத்தாவுக்காகவும் அழட்டும். இரண்டு துயரங்களுக்கும் காரணம் போர்தான், இன்றைய ஜப்பானியப் பிள்ளைகள் அல்லர் என்பது அப்போது தானாகவே விளங்கும்.

நேரில் கண்டவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்த வாரமே பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து, "நம் குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போனார்களா, தாத்தா?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஜப்பானைப் பற்றிய முதல் பாடம் அதுவாக இருக்கட்டும்.