பழைய இடத்தைப் பார்த்ததும் எழும் ஏக்கம்

பந்திங் பட்டணத்தில் பீசாங் கோரேங் பொரிக்கும் வாசனை வந்தால் போதும், அப்போதுதான் சாப்பிட்டு முடித்த வயிறும் மறுபடி கேட்கும். அது பசியல்ல, மூளையின் பழக்கம். உணவுக்கு முன் வழக்கமாக வரும் ஒலியைக் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும் என்று பாவ்லவ் காட்டியதும் இதைத்தான்.

எங்கள் தாமானில் ஓர் அண்ணன் ஷாபு பழக்கத்திலிருந்து மீள மறுவாழ்வு மையத்துக்குப் போனார். உடல் தேறித் திரும்பினார், வேலையும் கிடைத்தது. மூன்றாவது வாரம் பழைய கூட்டாளிகள் கூடும் பின்சந்து வழியாக வந்தார். அன்றே மீண்டும் தொட்டுவிட்டார். "இவன் திருந்தவே மாட்டான்" என்றார்கள் அக்கம்பக்கத்தில். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் உளவியல் பாடம் படித்த பிறகுதான் என் தவறு புரிந்தது.

ஷாபு, அதாவது மெத்தம்பெத்தமின், மூளையில் டோப்பமின் என்ற வேதிப்பொருளை அளவுக்கு மீறிப் பெருக்குகிறது. அந்த நேரத்தில் இருந்த இடம், உடனிருந்த முகம், லைட்டர் தட்டும் சத்தம், கையிலிருந்த சம்பளப் பணம் எல்லாமே போதையோடு சேர்ந்து பதிந்துவிடுகின்றன. பின்னர் அவற்றில் ஒன்று எதிர்ப்பட்டாலே ஏக்கம் கிளம்புகிறது.

இது எவ்வளவு வேகமானது தெரியுமா? கோக்கேயினும் ஷாபுவைப் போல ஊக்கப் போதைப்பொருள்தான். அதற்கு அடிமையானவர்களுக்கு அது தொடர்பான படங்களை 33 மில்லி வினாடி மட்டும் காட்டினார்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். என்ன படம் என்று மனம் உணரும் முன்பே மூளையின் ஆசைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. அந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது.

காலம் போனால் ஏக்கம் தானே குறையாதா? 2001இல் 'நேச்சர்' இதழில் வந்த எலி ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. கோக்கேயினை நிறுத்திய முதல் நாளைவிட 60ஆம் நாளில், பழைய அடையாளம் எலிகளின் நாட்டத்தை இன்னும் அதிகமாகத் தூண்டியது.

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒருவரை ஈராண்டு வரை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். மையத்துக்குள் அந்தச் சந்தும் இல்லை, கூட்டாளியும் இல்லை. வீடு திரும்பும் நாளில்தான் உண்மையான சோதனை தொடங்குகிறது.

ஹெராயினுக்கு 2005 முதல் இங்கே மெத்தடோன் சிகிச்சை உண்டு. ஷாபுவுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து இல்லை. ஆகவே எது தன்னைத் தூண்டுகிறது என்று அறிவதும், போகும் வழியை மாற்றுவதும், பழைய தொலைபேசி எண்களை அழிப்பதும், ஆலோசகரின் துணையோடு ஏக்கம் தணியும்வரை தாக்குப்பிடிக்கப் பழகுவதும் சிகிச்சையின் முக்கியப் பகுதிகள். தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யின் சிகிச்சை மையங்களில் தாமாகவே முன்வந்து உதவி கேட்கவும் வழியுண்டு.

நண்பர்களே, மீண்டு வந்தவரைப் பழைய இடத்துக்கு "சும்மா வாடா" என்று கூப்பிடாதீர்கள். ஒரு முறை சறுக்கினால் ஏசி விரட்டாமல் மறுபடியும் சிகிச்சைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அந்த அண்ணன் இப்போது இரண்டாவது முறையாக முயல்கிறார். வேலை முடிந்து வரும்போது பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு வருகிறார். பத்து நிமிடம் கூடுதலாகும். சில நாள்களில் நானும் அவரோடு நடக்கிறேன்.