கையடக்க ஒளிப்படக்கருவியின் பாதுகாப்பு

கையடக்க ஒளிப்படக்கருவியை எடுத்துச் செல்லும்போது எளிதில் பழுதாகக்கூடிய பகுதி, அதன் நீண்டு சுருங்கும் வில்லைக்குழல் ஆகும். ஒன்றினுள் ஒன்று அடங்கும் இக்குழல்களின் இடுக்கில் சிறு மணல் புகுந்தாலே பல்சக்கரங்கள் சிக்கி, வில்லை பாதியில் நின்றுவிடும். சட்டைப்பையில் சேரும் தூசியும் நூல்பிசிறும்கூட இதே வேலையைச் செய்யும். ஆகவே சாவி, சில்லறையுடன் போடாமல் மெத்தென்ற தனி உறையில் வைப்பது நல்லது. உறை மிக இறுக்கமாக இருப்பதும் ஆபத்தே: பொத்தான் அழுந்திக் கருவி இயங்கத் தொடங்கினால், நீள இடமின்றி வில்லை முட்டிக்கொள்ளும்.

கடற்கரைக்கு ஜிப் வைத்த நெகிழிப் பை போதும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போதும் இப்பை உதவும். கருவி வெளிவெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காதிருந்தால், நீர்த்துளிகள் வில்லையில் படியாமல் பையின் வெளிப்புறத்திலேயே படியும்.