எஞ்சின் டைமிங்: அளந்த பிறகு திருப்புங்கள்



வாகனப் பராமரிப்பைப் பற்றி வானொலியில் பேசிய பிறகு பெற்றோர் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பொடியன் காருக்கு என்னென்னவோ பூட்டினான். இப்ப அது இழுக்குதில்லை. என்ன செய்யிறது?" அதற்குரிய பதிலை இங்கே எழுத்தில் தருகிறேன். நான் சூக் மாநிலத்தில் ஒரு கராச்சில் வேலை செய்கிறேன். தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில்.

ஒரு குளிர்காலத்தில் தகப்பனும் மகனும் வந்தார்கள். மகனுக்கு 21 வயது. தொழிற்பயிற்சி முடித்து, முதற் சம்பளங்களைச் சேர்த்து வாங்கிய கார். 1.8 லீற்றர் டேர்போ எஞ்சின். பெரிய இன்ரகூலரும் புதிய புகைக்குழாயும் பூட்டியிருந்தார். டைமிங் பெல்ற்றைக் கூட்டாளிகளோடு நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் வைத்துத் தானே மாற்றியிருந்தார். அன்றிலிருந்து கார் கீழ்ச் சுற்றில் இழுக்கவில்லை. 3500 சுற்றுக்கு மேலேதான் உயிர் வந்தது. கணினி கம் சென்சரைப் பிழை காட்டியது. சென்சர் மாற்றினார். பிறகு நான்கு பிளக், நான்கு கொயில். பிழை போகவில்லை. கடைசியில் ஒருவரைக் கொண்டு எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி, ஸ்பார்க்கை முன்தள்ளிவிட்டார்கள். கொஞ்சம் இழுத்தது. வேறு எஞ்சின் போட 4000 பிராங் கடன் எடுக்கலாமா என்று தகப்பன் யோசித்துக்கொண்டிருந்தார். இரவு பகலாக உணவகச் சமையலறையில் நிற்கும் மனிதர்.

டைமிங் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் எஞ்சினுக்குள் இரண்டு டைமிங் உண்டு. ஒன்று வால்வு டைமிங். கிராங்க் இரண்டு முறை சுற்றும்போது கம் ஒரு முறை சுற்றும். இந்த இரண்டையும் பெல்ற் அல்லது செயின் இணைக்கிறது. மற்றது ஸ்பார்க் டைமிங். பிஸ்ரன் உச்சிக்கு வருவதற்குச் சில பாகை முன்னரே பிளக் பொறி விடவேண்டும், ஏனென்றால் எரிபொருள் எரிந்து முடிய நேரம் எடுக்கும். 3000 சுற்றில் ஓடும் எஞ்சினில் கிராங்க் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் 18 பாகை திரும்பிவிடும். எனவே இங்கே சிறு பிழையும் பெரிய பிழைதான்.

பொறி அளவுக்கு மீறி முந்தினால், தீச்சுவாலை வந்து சேருமுன் மீதி எரிபொருள் தானாகவே வெடிக்கும். அதைத்தான் 'நொக்' என்கிறோம். தகரப்பேணிக்குள் போளையைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் வரும். டேர்போ எஞ்சினில் காற்று அழுத்தம் கூடியதால் இந்த ஆபத்தும் கூட. கவனிக்காமல் ஓடினால் பிஸ்ரன் உடையும்.

இனி நான் பார்த்த ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலில் கேள்வி. எப்போது தொடங்கியது, அதற்கு முன் எதைக் கழற்றினீர்கள்? "பெல்ற் மாத்தின பிறகு, மாமா" என்ற பதிலில் பாதி விடை இருந்தது.

இரண்டாவது, பிழை இலக்கம். கம் சென்சர் என்று கணினி சொன்னால் சென்சர் பழுது என்று பொருளல்ல. கிராங்க் சமிக்ஞையும் கம் சமிக்ஞையும் ஒத்துவராவிட்டாலும் அதே முறைப்பாடுதான் வரும்.

மூன்றாவது, அமுக்க அளவு. நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரிக் குறைவாக இருந்தன. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் வால்வு அல்லது றிங் என்று நினைக்கலாம். நான்கும் சேர்ந்து குறைந்தால் வால்வு டைமிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஐடிலில் உள்ளிழுப்புக் குழாயின் வெற்றிட அளவும் குறைவாக இருந்தது.

நான்காவது, அடையாளக் கோடு. கிராங்க் புலியின் கோட்டை மட்டும் நம்பக்கூடாது. நடுவே றப்பர் உள்ள புலிகளில் வெளிவளையம் வழுக்கிவிடும். வேறு புலி மாற்றிப் பூட்டிய காரில் கோடே பொய்யாக இருக்கலாம். முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அளவுமானியை உள்ளே விட்டு, பிஸ்ரனின் உண்மையான உச்சியைப் பிடித்தேன். பிறகு கம் கோட்டைப் பார்த்தேன். பெல்ற் ஒரு பல் பிந்தியிருந்தது. கிராங்க் பல்லுச்சில்லில் 24 பல் என்றால் ஒரு பல் 15 கிராங்க் பாகை. சிறிய பிழையல்ல.

பெல்ற்றைச் சரியாகப் பூட்டினோம். அமுக்கம் ஏறியது, பிழை இலக்கம் போனது. பொடியனுக்கு உடனே ஓடிப்பார்க்க ஆசை. நான் திறப்பைக் கொடுக்கவில்லை. வலு அளக்கும் உருளைமேடையில் ஏற்றி, கணினியின் அளவுகளைப் பதிவு செய்தேன். முழுச் சுமையில் நொக் தொடங்கியது. நான்கு சிலிண்டரிலும் கணினி 8 பாகைக்கு மேல் பொறியைப் பின்னிழுத்துக்கொண்டிருந்தது. காலை எடுத்துவிட்டேன்.

காரணம் இதுதான். பெல்ற் பிந்தியதால் சிலிண்டருக்குள் அமுக்கம் குறைந்திருந்தது. அந்தக் குறையை மறைக்கத்தான் மென்பொருளில் பொறியை முந்தவைத்தார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று மூடியிருந்தன. ஒன்றைத் திருத்தியதும் மற்றது வெளியே வந்தது. உற்பத்தியாளரின் பழைய மென்பொருளை ஏற்றி, 98 ஒக்ரேன் அடித்து மீண்டும் அளந்தோம். நொக் இல்லை. புது எஞ்சின் தேவைப்படவில்லை.

அதுவரை பேசாமல் நின்ற தகப்பன் அப்போது சொன்னார்: "அண்ணை, இது எங்கட மண்ணெண்ணெய்க் கதையெல்லோ."

உண்மைதான். 1990இல் போர் மீண்டும் தொடங்கி, பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமற் போனபோது ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுவிட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு, உடனே நொக் பண்ணும். எனவே டிஸ்ரிபியூற்றரை இளக்கி, உள்ளே றோட்டர் சுற்றும் திசைக்கே சிறிது திருப்பிப் பொறியைப் பிந்தவைப்போம். கருவி ஒன்றும் இல்லை. காதுதான். எப்போதாவது பெற்றோல் கிடைத்து, டிஸ்ரிபியூற்றரைத் திருப்ப மறந்தால் கார் சோம்பிக் கிடக்கும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் அதற்கேற்ப மாற்றவேண்டும் என்று அங்கேதான் படித்தேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சுவிசில் எஞ்சின் வலுவை மாற்றினால், வீதியில் ஓடுவதற்கு முன் மாநிலத்தின் வாகனத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பரிசோதிக்கவேண்டும். எங்கள் மாநிலத்தில் அது ஸ்ரைன்ஹவுசனில் இருக்கிறது. அறிவிக்காமல் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும். எந்தப் பாகத்தையும் வாங்குமுன் அதற்குரிய சான்றிதழைக் கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஏசுவதற்கு முன் பிள்ளையோடு கராச்சுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். அன்று அந்தத் தகப்பனும் மகனும் போகும்போது, மண்ணெண்ணெயில் கார் எப்படி ஓடியது என்று மகன் கேட்டுக்கொண்டே போனார். கார் இன்றும் அதே எஞ்சினில் ஓடுகிறது.