கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிறம்

கறுப்பு வெள்ளைப் படமொன்றில் ஒரேயொரு பொருள் மட்டும் நிறத்தோடு இருப்பதைத் திருமண அல்பங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது மணப்பெண்ணின் கையிலுள்ள ரோசாப்பூ. அல்பத்துக்கு அல்பம் அதே பூ என்பதால் எனக்கு அது அலுத்துவிட்டது. ஆனால் இந்த உத்தி பழையது, வலியது. 1925இல் ஐசன்ஸ்டைன் இயக்கிய 'பொட்டெம்கின் போர்க்கப்பல்' கறுப்பு வெள்ளைத் திரைப்படம். அதில் கப்பலில் ஏற்றப்படும் கொடிக்கு மட்டும் படச்சுருளிலேயே கையால் சிவப்புத் தீட்டினார்கள். 1993இல் ஸ்பீல்பேர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தில் ஒரு சிறுமியின் மேலங்கி மட்டும் சிவப்பு. பிறகு பிணங்களுக்கிடையே அதே சிவப்பைக் காணும்போது, அது அவள்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எந்த இடத்தை நிறமாக விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தைப் படமெடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணின் சேலையை மட்டும் நிறமாக விட்டால் அது திருவிழாப் படம். ஒரு பிள்ளை அணிந்திருக்கும் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியை மட்டும் விட்டால், அதே படத்தைப் பார்ப்பவருக்குக் கடல் மீது பயம் வரும். நெடுந்தீவில் இந்த உத்திக்கு வேலை குறைவு. அங்குள்ள பவளக்கல் வேலிகளை நிறத்தோடு எடுத்தாலே பாதி கறுப்பு வெள்ளைதான்!

செய்முறைக்கு வருவோம். கணினிப் படம் சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. மூன்றும் சமமானால் சாம்பல். சாம்பலாக்கும்போது மென்பொருள் வழக்கமாகச் சிவப்பில் 30%, பச்சையில் 59%, நீலத்தில் 11% எடுத்துக் கூட்டும். நம் கண்ணுக்குப் பச்சையே அதிக வெளிச்சமாகத் தெரிவதால் இந்தக் கணக்கு.

இலவசமாகக் கிடைக்கும் 'கிம்ப்' மென்பொருளில் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து, மூலப் படத்தின் மேல் இன்னொரு படலமாக வைத்து, மேலுள்ளதைச் சாம்பலாக்க வேண்டும். பிறகு அதற்கு ஒரு மறைப்பைச் சேர்த்து, நிறம் வேண்டிய இடத்தில் கறுப்புத் தூரிகையால் பூசினால் அங்கே மேற்படலம் மறைந்து கீழுள்ள நிறம் தெரியும். கை தவறினால் வெள்ளையால் பூசுங்கள், சாம்பல் திரும்பிவிடும். அழிப்பானால் அழித்தால் இப்படித் திருத்துவது கடினம்.

"செம்மஞ்சளை மட்டும் வை" என்று நிறத்தைச் சொல்லித் தெரிவு செய்யும் வழியும் உண்டு. வேகமானது, ஆனால் எங்கள் தோலின் நிறமும் செம்மஞ்சளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கியோடு முகங்களும் கைகளும் நிறமாகவே நின்றுவிடும். பொறுமையாகத் தூரிகையால் பூசுவதே நல்லது.

இவ்வளவும் நிறத்தில் எடுத்த படத்துக்கு. முதலிலிருந்தே கறுப்பு வெள்ளையான பழைய படத்தில் விட்டுவைக்க நிறம் ஏது? நாம்தான் பூச வேண்டும். அக்காலத்து ஸ்ரூடியோக்களிலும் கன்னத்துக்கும் உதட்டுக்கும் நகைக்கும் தூரிகையால் நிறம் தீட்டினார்கள். முழுச் சிவப்பு (255, 0, 0) சாம்பலாகும்போது 76 ஆகும். 130 அளவுள்ள பச்சையும் அதே 76 ஆகும். ஆகவே சாம்பலைப் பார்த்து, அது சேலையாக இருந்தபோது சிவப்பா பச்சையா என்று எந்த மென்பொருளாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது ஊகித்துத்தான் பூசும்.

எங்கள் வீட்டில் இது பெரிய பிரச்சினையாகிவிட்டது. உம்மம்மா இளம்பெண்ணாக நயினாதீவு இறங்குதுறையில் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. சோனகத்தெருவிலிருந்து உறவினர் வீட்டுக்குப் போன நாள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீட்டுப் படங்களெல்லாம் போய்விட்டன. கொழும்பிலிருந்த மாமியிடம் ஒரு பிரதி இருந்ததால் இது மட்டும் தப்பியது. செயலியில் போட்டபோது சேலை நீலமாக வந்தது. மாமி ஊதா என்றார். உம்மா பச்சை என்றார். இருவருமே அப்போது பிறந்திருக்கவில்லை.

உம்மம்மாவிடமே கேட்டேன். "அது என்ட சாரியே இல்ல மகள். ராத்தாட்ட இரவல் வாங்கினது. நெறம் ஆருக்கு ஞாபகம்?" என்றார். பிறகு விரலை அவரது காலடியிலிருந்த றங்குப்பெட்டி மீது வைத்தார். "இது பச்சை. வாப்பா வாங்கித் தந்தது. வரக்குள்ள தூக்க விடல்ல."

ஆகவே பெட்டிக்கு மட்டும் பூசினேன். புதிய படலம் ஒன்றை 'நிறம்' என்ற கலப்பு முறையில் வைத்தால் பழைய படத்தின் ஒளியும் நிழலும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் ஏறும். மூன்று பச்சைகளைக் காட்டினேன். நீலம் கொஞ்சம் கலந்த மூன்றாவதற்குத் தலையசைத்தார். அச்செடுத்த படத்தின் பின்புறம், பெட்டியின் நிறம் உம்மம்மா சொன்னது, மற்றவை தெரியாது என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். நிறம் பூசாத மூலப் பிரதி வேறாக இருக்கிறது. மாமிக்கு இன்னும் கோபம், சேலை ஊதாதானாம்.