ஒரே நாளில் இரண்டு பதில்கள்!

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம். கம்பெனி பஸ்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வரிசை கட்டும் ஊர். ‘கோல்ட்ரிஃப்’ இருமல் சிரப்பைத் தயாரித்த ஸ்ரீசன் ஃபார்மா இருந்ததும் இங்கேதான்.

2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை விடுமுறை. மத்தியப் பிரதேசத்திலிருந்து தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் கடிதம் வருகிறது. அந்த மாநிலத்தின் சிந்த்வாராவில் பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள்; சந்தேகம் இந்த சிரப் மீது. அன்றே அதிகாரிகள் ஆலைக்குள் போய்விட்டார்கள். எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சின் மாதிரி சென்னை அரசு ஆய்வகத்துக்குப் பறந்தது. பண்டிகை நாளிலும் சோதனை நடந்தது!

இந்த மாதிரிச் சோதனைக்கு ஒரு கருவி இருக்கிறது: கேஸ் குரோமட்டோகிராஃப். பார்க்க மைக்ரோவேவ் அடுப்புக்கு அண்ணன் மாதிரி இருக்கும். உள்ளே நூல் கனத்தில் ஒரு குழாய், சுருட்டிச் சுருட்டி 30 மீட்டர்! துளி மருந்தை ஆவியாக்கி அதில் ஓட விடுவார்கள். ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு நேரம் எடுத்து வெளியே வரும், திரையில் கோடு குப்பென்று எழும். இங்கே தேடும் நச்சு டைஎத்திலீன் கிளைகால். சுத்தமான டைஎத்திலீன் கிளைகாலை முதலில் ஓட்டி அதன் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் போதும். பிறகு அது எந்த சிரப்பில் ஒளிந்திருந்தாலும் மாட்டிக்கொள்ளும். எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும் இடம் இது.

அக்டோபர் 3. சோதித்த மாதிரிகளில் நச்சு இல்லை என்கிறது மத்திய சுகாதார அமைச்சகம். மத்தியப் பிரதேசமும் தன் மூன்று மாதிரிகளில் இல்லை என்கிறது. அன்று இரவு தமிழகத்தின் முடிவு போய்ச் சேர்கிறது: எஸ்ஆர்-13ல் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம்! அனுமதி 0.1 தான். அதாவது 486 மடங்கு.

யார் பொய் சொன்னது? யாரும் இல்லை. ஒரு பாட்டிலில் இல்லை என்றால் அந்த பாட்டிலில் இல்லை, அவ்வளவுதான். அடுத்த பேட்ச்சுக்கு அது சாட்சி ஆகாது. ‘இல்லை’ என்று யார் சொன்னாலும் எந்த பேட்ச், எங்கே எடுத்தது, எதைத் தேடினீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

இந்த நச்சு சிரப்புக்குள் எப்படி நுழைய முடிகிறது? சிரப்பில் மருந்தைக் கரைக்க புரொப்பிலீன் கிளைகால் சேர்ப்பார்கள். டைஎத்திலீன் கிளைகால் அதைப் போலவே நிறமில்லாமல், இனிப்பாக, கொழகொழவென்று இருக்கும். பிரேக் ஆயில் போன்றவற்றில் சேரும் தொழிற்சாலைச் சரக்கு அது. நாக்குக்கு வித்தியாசமே தெரியாது, சிறுநீரகத்துக்குத்தான் தெரியும். சென்னைக்கு இது புதிதும் இல்லை: எழுபதுகளின் தொடக்கத்தில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இதே நச்சு உயிர்களைப் பறித்தது. இம்முறை போனவை 20க்கும் மேல். ஆலையின் உரிமம் அக்டோபர் 13ல் ரத்தானது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி சிரப் வேண்டவே வேண்டாம். ஐந்துக்குக் கீழேயும் பொதுவாகத் தேவையில்லை என்கிறது மத்திய அரசின் அறிவுரை. அம்மாக்களே, அப்பாக்களே, டாக்டரைக் கேட்காமல் கடையில் சிரப் வாங்காதீர்கள்.