நல்லெண்ணெய் கொப்பளித்தால் விலகிய ஈறு மீளுமா?

பல் மருத்துவரிடம் வருவோர் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு: "ஆறு மாதங்களாக நாள்தோறும் காலையில் நல்லெண்ணெய் கொப்பளிக்கிறேன். பல் துலக்கும்போது வந்த இரத்தக் கசிவு குறைந்துவிட்டது. ஆனால் விலகிய ஈறு மட்டும் பழைய இடத்திற்கு வரவில்லை. இன்னும் எத்தனை நாள் கொப்பளிக்க வேண்டும்?"

எத்தனை ஆண்டுகள் கொப்பளித்தாலும், விலகிய ஈறு மீண்டும் வளர்ந்து பல்லின் வேரை மூடாது என்பதே இதற்கான விடை. ஆயினும் இரத்தக் கசிவு குறைந்தது என்று அவர் கூறுவதும் உண்மையாக இருக்கலாம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொண்டால், காப்பாற்றக்கூடிய பல்லைக் காலம் கடத்தி இழக்க நேராது.

ஈறு ஏன் விலகுகிறது?

வாயில் வெளியே தெரியும் பல்லின் பகுதியை எனாமல் என்னும் கடினமான உறை காக்கிறது. வேர்ப் பகுதிக்கு அவ்வுறை இல்லை. அதற்குத் தாடை எலும்பும், அதன்மேல் போர்த்தியுள்ள ஈறுமே பாதுகாப்பு. ஈறு விலகும்போது வேர் வெளிப்படுகிறது. குளிர்ந்த நீரோ புளிப்போ பட்டவுடன் பல் கூசுகிறது. பல் நீண்டுவிட்டது போலத் தோன்றுகிறது. வேரில் எளிதில் சொத்தை விழுகிறது.

இதற்குக் காரணங்கள் பல. பற்களில் நாள்தோறும் படியும் கிருமிப் படலம் அகற்றப்படாவிட்டால், அது உமிழ்நீரிலுள்ள தாது உப்புகளுடன் சேர்ந்து காரையாக இறுகுகிறது. தொடக்கத்தில் ஈறு மட்டும் சிவந்து, வீங்கி, இரத்தம் கசிகிறது. இந்நிலையில் முறையாகத் தூய்மை செய்தால் ஈறு முழுவதும் நலம் பெறும். கவனியாது விட்டால் அழற்சி எலும்பு வரை சென்று, எலும்பு கரைந்து, அதனுடன் ஈறும் விலகுகிறது. கடினமான தூரிகையால் அழுத்தித் தேய்த்தல், செங்கற்பொடி, கரித்தூள், உப்பு ஆகியவற்றால் பல் துலக்குதல், புகையிலைப் பழக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, வரிசை தவறிய பற்கள் ஆகியனவும் ஈறு விலகக் காரணமாகின்றன.

எண்ணெய் என்ன செய்கிறது?

வாயில் எண்ணெய் கொப்பளிக்கும் முறை பழமையானது. ஆயுர்வேதத்தில் இது கவளம், கண்டூஷம் என்னும் பெயர்களால் வழங்குகிறது. வாய் நிறைய வைத்து அசையாது இருத்தல் கண்டூஷம். அளவாக வைத்துக் கொப்பளித்தல் கவளம்.

தற்கால ஆய்வுகளும் இதை ஆராய்ந்துள்ளன. 2009-ஆம் ஆண்டு வெளியான தமிழக ஆய்வொன்றில், ஈறு அழற்சி கொண்ட 20 வளரிளம் பருவத்தினரில் ஒரு பிரிவினர் நல்லெண்ணெயையும், மற்றொரு பிரிவினர் குளோர்ஹெக்சிடின் என்னும் மருந்து நீரையும் 10 நாட்கள் பயன்படுத்தினர். இரு பிரிவினருக்கும் கிருமிப் படலமும் ஈறு அழற்சியும் குறைந்தன. ஆயினும் இது சிறிய, குறுகிய கால ஆய்வு. ஆராயப்பட்டது ஈறு அழற்சியே அன்றி, ஈறு விலகல் அன்று. எண்ணெய் கொப்பளிப்பதைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்பதே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு.

எண்ணெய்க்கு எல்லை இருப்பதன் காரணம் எளியது. நலமான ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமே. நோய் முற்றும்போது அது 4 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாகிறது. கொப்பளிக்கும் எண்ணெய் அவ்வாழத்தின் அடிவரை சென்று சேர்வதில்லை. இறுகிய காரையை அது கரைப்பதும் இல்லை. ஆதலால் மேற்பரப்பில் அழற்சி தணிந்து கசிவு குறைந்தாலும், உள்ளே எலும்பு தொடர்ந்து கரையக்கூடும். புகைபிடிப்போருக்கு நோய் முற்றிய நிலையிலும் கசிவு குறைவாகவே இருக்கும். எனவே கசிவு நின்றதை மட்டும் கொண்டு நோய் நின்றதாகக் கருதலாகாது.

துப்பும் எண்ணெய் வெண்மையாக இருப்பது நச்சு வெளியேறியதன் அடையாளம் என்று பலர் நம்புகின்றனர். எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து உமிழ்நீருடன் கலப்பதாலேயே அந்நிறம் தோன்றுகிறது.

கொப்பளிக்க விரும்புவோர் கவனிக்க

விருப்பமுள்ளோர் இதைப் பல் துலக்குதலுடன் கூடுதலாகச் செய்யலாம்; அதற்கு மாற்றாகச் செய்யலாகாது. ஒரு மேசைக்கரண்டிக்கு மிகாத எண்ணெயே போதும். விழுங்காமலும், தொண்டையில் வைத்துக் கரகரக்காமலும், வாயினுள் மட்டும் மெல்ல அசைத்துத் துப்ப வேண்டும். பின்னர் வாயை நீரால் கழுவிப் பல் துலக்குக. தரையில் சிந்திய எண்ணெயை உடனே துடைத்துவிடுங்கள். முதியோர் வழுக்கி விழ அது போதும்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை: பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குறைந்தோர், படுக்கையில் உள்ளோர், மறதி நோயாளிகள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு எண்ணெய் கொப்பளிக்கக் கொடுக்கவே கூடாது. நீர் மூச்சுக்குழாயில் சென்றால் இருமல் வருவது வழக்கம்; எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலை அடையக்கூடும். அதனால் உண்டாகும் நுரையீரல் அழற்சி, எண்ணெய் கொப்பளித்தோரிடமும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. இத்தகையோரின் வாயை மென்மையான தூரிகையாலோ, ஈரத் துணியாலோ தூய்மை செய்யும் முறையைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

எஞ்சிய ஈறைக் காப்பது எவ்வாறு?

மென்மையான தூரிகையை ஈறின் ஓரத்தில் சாய்வாக வைத்து, அழுத்தாமல், காலையும் இரவும் 2 நிமிடம் துலக்குங்கள். ஃபுளோரைடு கலந்த பற்பசையே ஏற்றது. பல்லிடுக்குகளை அதற்குரிய நூலாலோ சிறு தூரிகையாலோ தூய்மை செய்யுங்கள். புகையிலையை விடுங்கள். நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் ஈறும் பயன் பெறும். ஈறு நோய் தணிந்தால் சர்க்கரைக் கட்டுப்பாடும் எளிதாகும்.

மருத்துவர் முதலில் பள்ளத்தின் ஆழத்தை அளந்து, காரையை அகற்றி, தேவையெனில் வேரின் மேற்பரப்பையும் தூய்மை செய்வார். 'காரை எடுத்தால் பல் ஆடும்' என்னும் அச்சம் வேண்டா. எலும்பு கரைந்த இடத்தைக் காரை அடைத்திருந்ததால், அதை எடுத்தபின் இடைவெளி புலப்படுகிறது. சிகிச்சை அதை உண்டாக்கவில்லை. வெளிப்பட்ட வேரை மூட வேண்டிய நிலையில், அண்ணத்திலிருந்து திசுவெடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சை சிலருக்குப் பலனளிக்கும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோர் அதை முன்கூட்டியே தெரிவியுங்கள். தாமாக நிறுத்த வேண்டா.

பல் ஆடுதல், ஈறில் சீழ், நீங்காத வாய் நாற்றம், பற்களிடையே புதிதாகத் தோன்றும் இடைவெளி ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் நாள் கடத்தாமல் வாருங்கள். எத்தனை மாதங்கள் எண்ணெய் கொப்பளித்தீர்கள் என்பதையும் தயங்காமல் கூறுங்கள். உங்களைக் குறை கூறுவதற்காக அன்று. நோய் எவ்வளவு காலமாக இருந்துவந்தது என்பதை அறியவே அது கேட்கப்படுகிறது.