எஞ்சிய உணவும் ஏந்தும் பாத்திரமும்

அமுதசுரபியைப் பாடமாகக் கற்ற மாணவரும் அதற்கு முந்திய பாத்திரத்தை மறந்துவிடுகின்றனர். சாத்தனாரின் மணிமேகலையில், மதுரையில் ஆபுத்திரன் முதலில் ஏந்தியது வெறும் பிச்சைப் பாத்திரமே. மனைதோறும் சென்று பெற்ற உணவைக் கண்ணிழந்தோர்க்கும் காலிழந்தோர்க்கும் ஊட்டி, எஞ்சியதையே அவன் உண்டான். சிந்தாதேவி அள்ளக் குறையாத பாத்திரத்தை அருளியது அதன் பின்னரே. பிற்காலத்தில் அது மணிமேகலையின் கையில், நம் நெமிலிக்கு அண்மையிலுள்ள காஞ்சியில் பஞ்சத்தால் வாடினோர் பசி தீர்த்தது.

இன்று வேண்டுவது அந்த முதற்பாத்திரமே என்பது எமது கருத்து. உணவுக்குப் பஞ்சமில்லை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் மட்டும் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 29 கோடி டன் உணவகம் முதலிய தொழிலிடங்களில் வீணானது. (வீடுகளின் பங்கு இதனினும் பெரிது, அதனை இல்லத்தில் பேசுவது எமக்கு அவ்வளவு பாதுகாப்பன்று!)

ஆம்பூர் முதல் நெமிலி வரை மண்டபங்களில் டேக்சா நிறையப் பிரியாணி இறங்குகிறது. ஐந்நூறு பேரை அழைத்து அறுநூறு பேருக்குச் சமைக்கிறோம். குறைந்தால் குடும்பத்திற்கு இழுக்கென்னும் அச்சம். பந்தி முடிந்த பின்னும் யாரேனும் வரக்கூடும் என மூடிவைத்து, மாலையில் உறவினர்க்குப் பகிர்ந்து, இரவு பத்து மணிக்கு விடுதிக்கு அனுப்புகிறோம். இறைச்சி கலந்த சோறு அதற்குள் ஊசத் தொடங்கிவிடும். ஒருமுறை அவ்வாறு வந்த உணவை முகர்ந்து பார்த்த சமையற்காரர், வாங்கவும் இயலாமல் மறுக்கவும் இயலாமல் நின்றதை யாம் நேரிற் கண்டோம். கொண்டுவந்தவர் மனநிறைவோடு சென்றார்; உணவு குப்பைக் குழிக்குப் போயிற்று.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உண்ட இலையில் மிஞ்சியதை யாம் குறிக்கவில்லை. பரிமாறப்படாமல் பாத்திரத்தில் எஞ்சியதையே கருதுகிறோம். அத்தகைய உணவைப் பெற்று வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் விதிகளை வகுத்துள்ளது. கோவையில் 2014-இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு மண்டபங்களில் எஞ்சுவதைப் பெற்றுப் பசித்தோரிடம் சேர்க்கும் பணியை மேற்கொண்டது. சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் ஈசா பாத்திமா ஜாஸ்மின் என்னும் பல் மருத்துவர் நிறுவிய பொதுக் குளிர்பெட்டி, ஔவையின் ஆத்திசூடியிலிருந்தே தன் பெயரைப் பெற்றது.

நெமிலியில் இதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை. மண்டபத்தார் முன்பணம் பெறும்போதே, எஞ்சும் உணவை எவரிடம், எத்தனை மணிக்கு ஒப்படைப்பது என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கட்டும். உணவகத்தாரும் தோல் தொழிற்சாலை கேன்டீன்காரரும் அவ்வாறே ஒரு நேரம் குறிக்கலாம். எடுத்துச் செல்லும் பணிக்கு நம் மாணவர் உளர். பிற்பகல் மூன்று மணிக்கு டேக்சாவின் மூடியைத் திறந்து பார்க்கும் பொறுப்பைப் பண்டாரியிடமே விடலாம். எவ்வளவு எஞ்சும் என்பதை அவரினும் அறிந்தவர் இலர்.